தொல்லை தராத பிள்ளை

(கேரளத்தின் கள்ளிக்காட்டில் தாய்மார், ஆஷா சுகாதாரப் பணியாளர்கள், அங்கன்வாடி ஊழியர்கள், பள்ளி ஆசிரியர்கள் கூடிய கூட்டத்தில் குழந்தை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மைக்கைக் கையில் கொடுக்கும்போதே ஒருவர் காதோடு சொன்னார்: "டாக்டரே, தமிழிலேயே பேசுங்கோ, இங்க எல்லாவருக்கும் வெளங்கும்." எனக்கு அது தெரியும். 1956 நவம்பர் 1-ஆம் தேதி மாநில எல்லையைப் பிரித்தபோது விளவங்கோடு அந்தத் தமிழ்ப் பக்கம் போனது, நெய்யாற்றின்கரை இந்தக் கேரளப் பக்கம் நின்றது. கோடு நிலத்தில் விழுந்தது, வீட்டுக்குள் விழவில்லை. இன்றைக்கும் பல வீடுகளில் அம்மச்சி தமிழ், மருமகள் மலையாளம், பேரப்பிள்ளை இரண்டும் சேர்ந்த ஒரு பாஷை. இந்தக் கலப்பைப் பற்றிப் பின்னால் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இப்போது ஒரு பையனிடமிருந்து தொடங்குகிறேன். இன்ன வீட்டுப் பிள்ளை என்று யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதற்காக, நான் பார்த்த இரண்டு மூன்று பிள்ளைகளை ஒருவனாகச் சேர்த்துச் சொல்கிறேன்.

இரண்டாம் வகுப்புப் படிக்கிற பையன். மழைக்காலத்து இருமல், நெஞ்சில் குறுகுறுப்பு என்று அம்மா கூட்டி வந்தார். ஸ்டெதாஸ்கோப்பை வைப்பதற்குக் கையைப் பிடித்தேன். புறங்கையில் கடுகளவு வெள்ளைத் தழும்புகள், நாலைந்து. குதிகாலிலும் அதே மாதிரி. ஊசி குத்திக் குத்தி ஆறின தழும்பு. "பெட்டியில, இன்குபேட்டர்ல வெச்ச பிள்ளையா?" என்று கேட்டேன். அம்மா திகைத்துப்போனார். ஏழு வருஷமாக யாரும் அதைக் கேட்கவில்லை. 28 வாரத்தில் பிறந்தவன். இருபது நாள் வென்டிலேட்டர், பிறகு மூக்கில் குழாய், பிறகு ஆக்சிஜன். எழுபத்தெட்டாம் நாள் வீட்டுக்கு வந்தான். "இப்போ ஒரு குறையும் இல்ல டாக்டரே. டீச்சர் கூட எழுதியிருக்காங்க" என்று பள்ளி அறிக்கையை எடுத்துக் காட்டினார். அதில் ஒரு வரி: அடக்கமான பிள்ளை, யாருக்கும் தொல்லை இல்லை.

அந்த வரியை வாசித்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதுதான் இன்றைய பேச்சு.

நம்முடைய ஊர்களில் ஏழாம் மாசப் பிள்ளை தங்கும், எட்டாம் மாசப் பிள்ளை தங்காது என்று சொல்வார்கள். இது நம் ஊர்க் கதை மட்டும் என்று நினைக்காதீர்கள். பண்டைய கிரேக்கத்தில் ஹிப்போக்ரட்டீஸ் பெயரில் வழங்கும் நூல்களில் எட்டாம் மாதக் குழந்தையைப் பற்றியே தனியாக ஒன்று இருக்கிறது. இரண்டு இடத்திலும் கணக்கு தப்பு. உள்ளே இருக்கிற ஒவ்வொரு வாரமும் பிள்ளைக்கு லாபம்தான். அந்த லாபத்தில் பெரிய பங்கு நுரையீரலுக்குப் போகிறது.

மழையில் நனைந்த பாலித்தீன் கவரைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு பிரியவே பிரியாது. உள்ளே கொஞ்சம் சோப்புத் தண்ணீர் பட்டால் வழுக்கிக்கொண்டு திறக்கும். நம் நுரையீரலில் கோடிக்கணக்கான காற்றறைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் உட்சுவரிலும் சோப்பு மாதிரி ஒரு பூச்சு இருக்கிறது. அதற்கு சர்ஃபாக்டன்ட் என்று பெயர். ஏறக்குறைய 34, 35 வாரம் ஆகும்போதுதான் அது போதிய அளவுக்குச் சுரக்கும். அதற்கு முன்னால் பிறக்கிற பிள்ளைக்கு ஒவ்வொரு மூச்சும் ஒட்டிக்கொண்ட கவரைப் பிரிக்கிற வேலை. விலா எலும்புக்கு நடுவே சதை உள்ளே குழிவதைப் பார்த்த தாய்மார் இங்கே இருப்பீர்கள். அந்தக் காட்சியை மறக்க முடியாது.

1963 ஆகஸ்டில் அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு ஒரு மகன் பிறந்தான். ஐந்தரை வாரம் முன்னதாக, இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே எடை. உலகத்திலேயே அதிக வசதி உள்ள வீட்டுப் பிள்ளை 39 மணி நேரம்தான் இருந்தான். காரணம் இதே பூச்சுக் குறைவு. அதைப் பாஸ்டனில் மேரி எலன் ஏவரி என்ற பெண் மருத்துவர், ஜியர் மீட் என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து, 1959-லேயே கண்டு சொல்லியிருந்தார். ஆனால் மருந்து வரவில்லை. 1972-ல் நியூசிலாந்தில் லிக்கின்ஸும் ஹோவியும், பிரசவத்துக்கு முன்னால் தாய்க்கு ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டால் பிள்ளையின் நுரையீரல் வேகமாகப் பக்குவப்படுகிறது என்று காட்டினார்கள். 1980-ல் ஜப்பானில் ஃபுஜிவாரா, மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த சர்ஃபாக்டன்டைக் குழாய் வழியாகப் பத்துக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். மூச்சு இலகுவாயிற்று. கென்னடியின் மகன் இன்றைக்குத் திருவனந்தபுரத்தில் பிறந்திருந்தால் அநேகமாகச் சில வாரத்தில் வீட்டுக்கு வந்திருப்பான்.

ஆனால் காப்பாற்றுவதற்கும் ஒரு விலை இருந்தது. 1967-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் வில்லியம் நார்த்வே என்ற எக்ஸ்-ரே மருத்துவரும் அவருடைய தோழர்களும், வென்டிலேட்டரில் இருந்த 32 குழந்தைகளின் படங்களை வைத்துப் புதிதாக ஒரு நோயை விவரித்தார்கள். கருவி தள்ளிய காற்றின் அழுத்தத்தாலும் அதிக ஆக்சிஜனாலும் பிஞ்சு நுரையீரல் புண்பட்டு, தழும்பு விழுந்து, முரடாகியிருந்தது. பிராங்கோபல்மனரி டிஸ்பிளாசியா என்று பெயர் வைத்தார்கள். சுருக்கமாக பி.பி.டி. கர்ப்பக் கணக்கில் 36 வாரம் வந்த பிறகும் பிள்ளைக்கு ஆக்சிஜனோ மூச்சுக் கருவியோ தேவைப்பட்டால் பி.பி.டி. என்று எழுதுவோம். இப்போது கருவிகள் மென்மையாகிவிட்டன. காப்பியில் இருக்கிற அதே காஃபினை மருந்தாகக் கொடுத்து மூச்சு நின்றுபோகாமல் பார்க்கிறோம், அதனால் பி.பி.டி.யும் குறைகிறது. இன்றைய பி.பி.டி.யில் முன்போலப் பெரிய தழும்புகள் குறைவு. காற்றறைகள் எண்ணிக்கையில் குறைந்து, அளவில் பெருத்துப்போய் நிற்கின்றன. வளர வேண்டிய நுரையீரல் பாதி வழியில் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதே நார்த்வே 1990-ல் தன் பழைய பிள்ளைகளில் 26 பேரைத் தேடிப் பிடித்தார். அவர்கள் அப்போது வாலிபர்கள். பெரும்பாலானவர்களுக்கு மூச்சுக்குழாயில் அடைப்பு இன்னும் இருந்தது. பலருக்கு அது இருப்பதே தெரியவில்லை.  இது நமக்கு முதல் பாடம். ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் எழுதும், நோய் எழுதாது.

இனி டீச்சர்மார் கொஞ்சம் கவனமாகக் கேட்க வேண்டும். நுரையீரல் நெஞ்சில் இருக்கிறது, நடத்தை வகுப்பில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே என்ன வழி?

28-ஆம் வாரம் முதல் 40-ஆம் வாரம் வரை மூளையில் மடிப்புகள் விழுகிற காலம், நரம்புகள் ஒன்றோடொன்று கைகோக்கிற காலம். அந்த வாரங்களைத் தாயின் வயிற்று இருட்டில் கழிக்க வேண்டிய பிள்ளை, விளக்கு வெளிச்சத்தில், அலாரச் சத்தத்தில், தினமும் ஊசி வலியில் கழிக்கிறது. பி.பி.டி. இருக்கிற பிள்ளைக்கு அதற்கு மேலும் மூன்று சுமை. ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறியும் இறங்கியும் தடுமாறுகிறது. உடம்பில் அழற்சி தணியாமல் கனன்றுகொண்டிருக்கிறது. குடிக்கிற பாலில் பெரும்பகுதி மூச்சு இழுக்கிற வேலைக்கே செலவாகி, வளர்ச்சிக்கு மிச்சம் கொஞ்சம்தான். ஆக, பி.பி.டி. நுரையீரலோடு நிற்கிற நோய் அல்ல. மூளை கடந்து வந்த சிரமத்துக்கும் அது ஒரு அடையாளம்.

மருத்துவர்களாகிய நாங்களும் ஒரு தப்பு செய்தோம். 1990-களில் உலகம் முழுக்க, பிறந்த பிள்ளையை வென்டிலேட்டரிலிருந்து சீக்கிரம் எடுக்க டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைத் தாராளமாகக் கொடுத்தார்கள். தாய்க்குப் போடும் ஊசி வேறு, அது நல்லது. இது பிள்ளைக்கே நாள் கணக்கில் கொடுத்தது. குழாய் சீக்கிரம் வெளியே வந்தது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. சில வருஷம் கழித்துப் பார்த்தபோது, அந்தப் பிள்ளைகளில் பெருமூளை வாதம் அதிகம். 2002-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் இதை வழக்கமாகக் கொடுக்கக் கூடாது என்று அறிவித்தது. வீட்டுக்குப் போகிற நாளோடு கணக்கை முடித்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடக் கசப்பான சாட்சி வேண்டாம்.

பள்ளி வயதில் என்ன தெரிகிறது? அமெரிக்காவின் க்ளீவ்லாந்தில் லின் சிங்கர் குழுவினர், பி.பி.டி. இருந்த பிள்ளைகளையும், எடை குறைந்து பிறந்தாலும் பி.பி.டி. இல்லாத பிள்ளைகளையும், நிறைமாதப் பிள்ளைகளையும் எட்டு வயது வரை தொடர்ந்து பார்த்தார்கள். கவனம், படிப்பு, உடலசைவுத் திறன் எல்லாவற்றிலும் பி.பி.டி. பிள்ளைகளுக்குத்தான் சிரமம் அதிகம். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 1995-ல் 26 வாரத்துக்கு முன்னால் பிறந்தவர்களைத் தொடர்ந்த ஆய்வு ஒன்று இருக்கிறது, எபிக்யூர் என்று பெயர். அதைப் போன்ற ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தவர்கள், மிகவும் குறைமாதத்தில் பிறந்த பிள்ளைகளுக்கென்றே ஒரு நடத்தைச் சாயல் இருப்பதைக் கண்டார்கள். கவனம் நிற்காது, மனசில் பயம் இருக்கும், மற்றப் பிள்ளைகளோடு ஒட்டுவதற்குத் தடுமாற்றம் இருக்கும். ஆனால் மேசையைத் தள்ளுகிற, அடிக்கிற, பொய் சொல்கிற குணம் மற்றப் பிள்ளைகளைவிட அதிகம் இல்லை.

இங்கேதான் நம்முடைய கண் ஏமாறுகிறது. கவனக்குறைவு என்றதும் நாம் நினைப்பது பெஞ்சு மேல் ஏறி நிற்கிற பையனை. அவனை டீச்சர் ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார். இந்தப் பிள்ளை ஜன்னலோரம் உட்கார்ந்து பராக்குப் பார்க்கும். "புஸ்தகத்தை எடு, முப்பத்திரண்டாம் பக்கம், மூணாவது கணக்கு, பென்சிலால எழுது" என்று நாலு சொன்னால், புஸ்தகத்தை எடுத்துப் பக்கத்தைத் திறந்து அப்படியே நிற்கும். மிச்ச இரண்டும் மனசில் தங்கவில்லை. பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதும். விளையாட்டு நேரம் வந்தால் "தண்ணி குடிச்சிட்டு வாறேன் டீச்சர்" என்று போய், மணி அடிக்கும்வரை குழாயடியில் நிற்கும். தாகத்தால் அல்ல. ஓடினால் நெஞ்சு இழுக்கிறது, அதைச் சொல்லத் தெரியவில்லை. நாம் இதற்கெல்லாம் வைக்கிற பெயர் சோம்பேறி, பயந்தாங்கொள்ளி, மந்தம். கொஞ்சம் நல்ல மனசுள்ளவர்கள் வைக்கிற பெயர் அடக்கமான பிள்ளை. நாலு பெயருமே பிள்ளைக்குக் கதவை அடைக்கின்றன. தொல்லை கொடுக்கிற பிள்ளைக்கு உதவி வருகிறது. கொடுக்காத பிள்ளைக்கு நல்ல பெயர் வருகிறது, உதவி வருவதில்லை.

எல்லாக் குறைமாதப் பிள்ளையும் இப்படி என்று யாரும் பயந்து எழுந்து போய்விடாதீர்கள். பலர் நன்றாகவே வருகிறார்கள். யாருக்கு உதவி வேண்டும் என்று பார்க்க ஒரு கண் வேண்டும் என்பதுதான் என் பேச்சு. கேரளத்தில் 2020-ல் ஆயிரம் குழந்தை பிறந்தால் ஒரு வயதுக்குள் இறப்பது 6. இந்தியா முழுவதற்கும் அது 28. பெருமைப்பட வேண்டிய கணக்கு. அதே 2020-ல் உலகத்தில் 1 கோடியே 34 லட்சம் குறைமாதப் பிரசவங்கள், நம் நாட்டில் மட்டும் ஏறக்குறைய 30 லட்சம். இறப்புக் குறையக் குறைய, பிழைத்து வந்த இந்தப் பிள்ளைகள் நம் அங்கன்வாடிகளிலும் பள்ளிகளிலும் அதிகமாகிறார்கள். பிழைக்க வைக்கத் தெரிந்த நாடு வளர்க்கவும் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதற்கான ஆயுதம் ஒன்றை நம் பக்கத்திலேயே உருவாக்கியிருக்கிறார்கள். இங்கிருந்து சுமார் முப்பது கிலோமீட்டரில் ஸ்ரீ அவிட்டம் திருநாள் ஆஸ்பத்திரி, நாம் எஸ்.ஏ.டி. என்று சொல்வது. ஆறு வயதில் இறந்துபோன ஒரு திருவிதாங்கூர் இளவரசனின் பெயரில் எழுந்த ஆஸ்பத்திரி அது. அங்கே டாக்டர் எம்.கே.சி. நாயர் தொடங்கிய வேலை பிறகு குழந்தை வளர்ச்சி மையமாக வளர்ந்தது. அவரும் தோழர்களும் 1991-ல் ஒரு அட்டவணையை வெளியிட்டார்கள். திருவனந்தபுரம் வளர்ச்சிச் சோதனை அட்டவணை என்று அதற்குப் பெயர். மொத்தம் 17 வரி. பிறந்ததிலிருந்து இரண்டு வயது வரை. அதற்கு வேண்டிய சாமான் என்ன தெரியுமா? ஒரு பேனா, ஒரு சாவிக்கொத்து.

செய்து காட்டுகிறேன். முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறதா. பேனாவை இப்படி நகர்த்தினால் கண் பின்னாலேயே வருகிறதா. தலை நிற்கிறதா. சாவிக்கொத்தைப் பக்கவாட்டில் குலுக்கினால் திரும்புகிறதா. ஒரு கையில் கொடுத்ததை மறு கைக்கு மாற்றுகிறதா. பிடித்துக்கொண்டு நிற்கிறதா, தனியாக நடக்கிறதா, இரண்டு வார்த்தை சொல்கிறதா. அட்டவணையில் பிள்ளையின் வயதுக்கு நேராகப் பேனாவைச் செங்குத்தாக வைக்க வேண்டும். பேனாவுக்கு இடப்பக்கம் முடிந்துவிட்ட வரிகளில் ஏதாவது ஒன்றைப் பிள்ளை இன்னும் செய்யவில்லை என்றால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அங்கன்வாடித் திண்ணையில் ஐந்து நிமிடத்தில் முடிகிற காரியம்.

ஒரே ஒரு நிபந்தனை. வயதைச் சரியாக எண்ண வேண்டும். பன்னிரண்டு வாரம் முந்திப் பிறந்த பிள்ளைக்கு இன்று ஆறு மாதம் என்றால், வளர்ச்சிக் கணக்கில் மூன்று மாதம்தான். பிரசவத்துக்குக் குறித்திருந்த தேதியிலிருந்து எண்ணுங்கள். இரண்டு வயது வரை இந்தக் கணக்கு. "அடுத்த வீட்டுப் பிள்ளை கவிழ்ந்தாச்சு, நம்ம பிள்ளை இன்னும் இல்ல" என்று அழுகிற பாதித் தாய்மாரின் கண்ணீர் இந்த ஒரு கழித்தலில் நின்றுவிடும். தடுப்பூசிக்கு மட்டும் கழிக்கக் கூடாது. அது பிறந்த தேதிப்படிதான். கண் பரிசோதனையும் பிறந்து நாலு வாரத்துக்குள் செய்ய வேண்டும், அதைத் தள்ளிப்போட்டால் பார்வையே போகலாம்.

பள்ளிக் கணக்கும் ஒன்று உண்டு. நம் பள்ளி ஜூனில் திறக்கிறது, சேர்க்கை வயதும் அந்த மாதத்தை ஒட்டித்தான். ஆகஸ்டில் பிறக்க வேண்டிய பிள்ளை மே மாதத்திலேயே பிறந்துவிட்டால், ஒரு வருஷம் முன்னாலேயே ஒன்றாம் வகுப்பு பெஞ்சில் உட்கார்ந்துவிடுகிறது. நுரையீரல் அவசரப்பட்டதற்குப் பள்ளியும் சேர்ந்து அவசரப்படுத்துகிறது. அப்படிப்பட்ட பிள்ளையை ஒரு வருஷம் தாமதித்துச் சேர்க்கலாமா என்று டீச்சரிடமும் டாக்டரிடமும் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

இப்போது அந்தப் பாஷை விஷயம். நம் பகுதியில் பேச்சு தாமதமான பிள்ளையைப் பற்றிக் கேட்டால் எல்லோரிடமும் ஒரே பதில்தான். "வீட்டில தமிழும் மலையாளமும். அதான் குழம்புது. தானா வரும்." இந்த ஒரு வாக்கியத்தால் எத்தனையோ பிள்ளைகள் ஒன்றிரண்டு வருஷத்தை இழந்திருக்கிறார்கள். இரண்டு பாஷை கேட்டு வளர்வதால் பேச்சுக் கோளாறு வருவதில்லை. இரண்டு பாஷையிலும் சேர்த்து எத்தனை சொல் வருகிறது என்று எண்ணுங்கள். அம்மச்சியிடம் "தண்ணி" என்றும் அம்மாவிடம் "வெள்ளம்" என்றும் கேட்டால் அது இரண்டு சொல், குழப்பமல்ல. இரண்டிலும் சேர்த்தே சொல் குறைவாக இருந்தால், அதுவும் பெட்டியில் வைத்த பிள்ளையாக இருந்தால், காதைப் பரிசோதிக்க வேண்டும், பேச்சுப் பயிற்சி தொடங்க வேண்டும். அம்மச்சியைப் பார்த்து "பிள்ளைகிட்ட தமிழ் பேசாதீங்க" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். எந்தப் பாஷையில் உங்களுக்குக் கொஞ்சத் தெரியுமோ, அந்தப் பாஷையில் நிறையப் பேசுங்கள்.

வீட்டுக்குள் வருவோம். பி.பி.டி. நுரையீரலுக்கு முதல் எதிரி புகை. விறகு அடுப்பு, பீடி, கொசுவத்தி. நம் ஊரில் இன்னொன்றும் உண்டு, ரப்பர் ஷீட்டை உலர்த்துகிற புகைப்புரை. அது சமையலறைச் சுவரை ஒட்டி இருந்தால் பிள்ளையின் தொட்டிலை வீட்டின் மறுபக்கத்துக்கு மாற்றுங்கள். இரண்டாவது எதிரி, சளி பிடித்த விருந்தாளி. முதல் இரண்டு வருஷம் இந்தப் பிள்ளைகள் திரும்பத் திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போவது பெரும்பாலும் மழைக்கால வைரஸால். கை கழுவாமல் யாரும் தூக்கக் கூடாது, அது தாய்மாமனாக இருந்தாலும் சரி. ஆறு மாதம் ஆனதும் ஃப்ளூ தடுப்பூசி பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

இதற்கு அடுத்ததை அம்மச்சிமாரிடம் சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். "மக்களே ஓடாதே, மூச்சு முட்டும்." எத்தனை வீட்டு முற்றத்தில் இதைக் கேட்டிருக்கிறேன்! அது பாசம்தான். பிள்ளை சாகப் போகிறது என்று ஒருதரம் நடுங்கின மனசு, அந்த நடுக்கத்தை விட மறுக்கிறது. 1964-லேயே க்ரீன், சோல்னிட் என்ற இரண்டு மருத்துவர்கள் இதைப் பற்றி எழுதினார்கள். சாவின் விளிம்புக்குப் போய் மீண்ட பிள்ளையைப் பெற்றோர் எப்போதும் உடையப்போகிற கண்ணாடியாகவே பார்க்கிறார்கள், பிள்ளையும் தன்னை அப்படியே பார்க்கத் தொடங்குகிறது என்றார்கள். உண்மை என்னவென்றால் இந்த நுரையீரலுக்கு ஓட்டம் வேண்டும். இளைத்தால் நிற்கட்டும், தேவைப்பட்டால் விளையாட்டுக்கு முன்னால் டாக்டர் சொன்ன இன்ஹேலரை இழுக்கட்டும், மறுபடி ஓடட்டும்.

அதே பாசம் வேறு வடிவத்தில் மருந்தாகிறது. 1970-களின் கடைசியில் கொலம்பியாவின் பொகோட்டா நகரத்தில் இன்குபேட்டர் போதாமல், பிள்ளையைத் தாயின் நெஞ்சோடு தோலோடு தோலாகக் கட்டிவைத்தார்கள். கங்காரு முறை என்று நர்ஸ்மார் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அப்படி வளர்ந்தவர்களை இருபது வயதில் பார்த்து 2017-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். முரட்டுத்தனமும் துறுதுறுப்பும் அவர்களுக்குக் குறைவு, பள்ளிக்கு மட்டம் போட்டதும் குறைவு. ஜெர்மனியில் பவேரியாவில் டீட்டர் வோல்க் குழுவினர் கண்டது இன்னொன்று. ஆறு வயதில் தாய் பிள்ளையோடு உட்கார்ந்து வேலை செய்யும்போது, கையைப் பிடித்து எழுதிக் கொடுக்காமலும் அதட்டாமலும், காத்திருந்து ஒரு சின்னக் குறிப்பு மட்டும் கொடுத்தால், அந்தக் குறைமாதப் பிள்ளைகள் பதின்மூன்று வயதில் படிப்பில் நன்றாக மேலே வந்தார்கள். காத்திருப்பதும் ஒரு சிகிச்சை.

ஆனால் காத்திருக்கத் தாய்க்குத் தெம்பு வேண்டுமே? க்ளீவ்லாந்து ஆய்வு தாய்மாரையும் விடவில்லை. பிள்ளைக்கு இரண்டு வயது ஆன பிறகும் பி.பி.டி. பிள்ளைகளின் தாய்மாருக்கு மனச்சோர்வு இருந்தது. மூன்று வயதில் சோர்வு அடங்கியது. வளர்ப்பின் பாரம் மட்டும் அடங்கவில்லை. ஆஷா சகோதரிகளே, வீட்டுக்குப் போனால் பிள்ளையைத் தூக்கி எடை பார்க்கிறீர்கள். அம்மாவிடமும் ஒரு கேள்வி கேளுங்கள்: "நீ ராத்திரி உறங்கினியா?"

கடைசியாக, நன்றாக இருப்பது என்றால் என்ன, அதை யார் சொல்வது என்பது. கனடாவின் ஹாமில்டனில் சரோஜ் சைகல் என்ற இந்திய வம்சாவளி மருத்துவர் இருக்கிறார். 1977 முதல் 1982 வரை ஒரு கிலோவுக்கும் குறைவாகப் பிறந்த பிள்ளைகளை முப்பது வயதைத் தாண்டியும் தொடர்ந்து பார்த்தவர். அவர் செய்த புதுமை, பிள்ளைகளிடமே கேட்டது. பதின்வயதில் "உன் வாழ்க்கை எப்படி?" என்று கேட்டபோது, உடம்பில் குறைகள் அதிகம் இருந்தும், நிறைமாதப் பிள்ளைகளுக்குக் கிட்டத்தட்டச் சமமாகவே மதிப்பெண் போட்டுக்கொண்டார்கள். அதே நிலையை மருத்துவர்களையும் நர்ஸ்களையும் மதிப்பிடச் சொன்னால் குறைவாகத்தான் போட்டார்கள். இருபது வயதைக் கடந்தபோது பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் இவர்களில் 82 சதவீதம், மற்றவர்களில் 87. பெரிய வித்தியாசமில்லை. முப்பதைத் தாண்டியபோது வேலை, வருமானம், கல்யாணம், தன்மதிப்பு இவற்றில் இவர்கள் பின்தங்கியது தெரிந்தது. அதையும் அவர் மறைக்காமல் எழுதினார். நமக்கும் அந்த நேர்மைதான் வேண்டும். சிரமம் இல்லை என்று சொல்லவும் கூடாது, வாழ்க்கையே போயிற்று என்று சொல்லவும் கூடாது.

அந்தப் பையனிடம் நானும் கேட்டேன். அம்மாவை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, "உனக்கு என்ன மக்களே வேணும்?" என்று. ரொம்ப நேரம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நானும் காத்திருந்தேன். பிறகு சொன்னான்: "எனக்கு கோலி நிக்கணும்." ஃபுட்பாலில் கோலி. கோல் போஸ்டில் நின்றால் அதிகம் ஓட வேண்டாம், ஆனால் ஆட்டத்துக்குள் இருக்கலாம். ஏழு வயதுப் பிள்ளை தன் நுரையீரலுக்கும் தன் ஆசைக்கும் நடுவே தானே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தது. நாம்தான் யாரும் கேட்கவில்லை.

செய்தது கொஞ்சம்தான். டீச்சருக்கு ஒரு கடிதம் எழுதினேன். முன் பெஞ்சில் உட்கார வையுங்கள், நாலு சொல்லாமல் இரண்டு இரண்டாகச் சொல்லுங்கள், விளையாட்டில் கோலியாக நிறுத்துங்கள் என்று. அந்த டீச்சர் நல்லவர், செய்தார். மூச்சுப் பரிசோதனை செய்து இன்ஹேலர் கொடுத்தோம். அம்மச்சியைச் சம்மதிக்க வைக்கத்தான் நாளானது.

ஆறு மாதம் கழித்து அம்மா மறுபடி வந்தார். கையில் பள்ளி அறிக்கை. முகத்தில் கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை. "டாக்டரே, இதைப் பாருங்கோ. வகுப்பில சத்தம் போடுறானாம், பக்கத்துப் பிள்ளையோட பேசிக்கிட்டே இருக்கானாம். புகார் வந்திருக்கு."

நான் அந்த வரியை இரண்டு தரம் வாசித்தேன். பிறகு பையனைப் பார்த்தேன். முழங்காலில் புதுசாக ஒரு சிராய்ப்பு, செம்மண் இன்னும் ஒட்டியிருந்தது. ஊசித் தழும்பு இல்லாத இடத்தில் அவனே சம்பாதித்த காயம்.